நேர்ந்துவிட்ட கிடா பூங்காவுக்கு வந்த நாள்

1. புலி எங்கே?

பத்திரிகையில் துணை ஆசிரியராக இருந்துவிட்டு, இந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் மேலாளராகச் சேர்ந்த முதல் நாள். நுழைவாயிலில் ஒருவர் என்னை நிறுத்தினார்.

"ஏம்மா, ஜூன்னு சொன்னாங்க. புலி எங்க?"

புலி இல்லை என்றேன்.

"சிங்கம்?"

அதுவும் இல்லை.

"அப்ப என்னதாம்மா இருக்கு?"

முயல், வாத்து, ஈமு, குதிரை, ஆடு என்று வரிசையாகச் சொன்னேன். ஆடு என்றதும் அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா? ஆடு வச்சிருக்காங்களாம். நம்ம வீட்டுலயே நாலு நிக்கிது. நாமளும் டிக்கெட் போட்ருவமா?"

சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். மாலையில் அந்த அம்மாள் எங்கள் வெள்ளாட்டின் கழுத்தில் கை போட்டு நிற்க, அவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். செய்தி எழுதிப் பழகியவளுக்கு இந்த இரண்டாவது காட்சிதான் முக்கியமாகப் பட்டது.

திருப்பரங்குன்றம் தாண்டித் திருமங்கலம் போகும் சாலையில், பருத்தி அரவை ஆலைக்குப் பின்னால் இருந்த தோப்புதான் இன்றைய பூங்கா. ஆலை முதலாளிக்கு மிருகங்கள் மேல் பிரியம். தோப்பில் மான், மயில், கிளி என்று கூண்டு கட்டி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகள் பார்க்க வந்தார்கள். பிறகு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். கையால் சுற்றும் ராட்டினம் ஒன்று வந்தது. ஐஸ்காரர் வாசலில் நின்றார். பேருந்து நடத்துநர்கள் அந்த நிறுத்தத்துக்கு 'ஜூ ஸ்டாப்' என்று தாங்களாகவே பெயர் வைத்தார்கள்.

காட்டு விலங்குகளைத் தனியார் வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் இறுகியபோது வனத்துறையினர் லாரியோடு வந்து மானையும் மயிலையும் கிளியையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். முதலாளி அன்று சாப்பிடவில்லை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ஆனால் கூண்டுகளைக் காலியாக விட அவருக்கு மனம் வரவில்லை. சட்டம் தடுக்காத வீட்டு விலங்குகளைக் கொண்டுவந்து நிரப்பினார். இன்னொரு பக்கம் ராட்டினம் பெருகி டாய் டிரெயின், கொலம்பஸ், டேஷிங் கார், கடைசியாக 'டிராகன்' என்ற பெரிய ரோலர் கோஸ்டர் என்று வளர்ந்தது. மிருகப் பிரிவு, ரைடு பிரிவு என்று இரண்டு பிரிவுகள் உண்டாயின. ரைடு பிரிவு ஆட்கள் சீருடை போட்டவர்கள். மிருகப் பிரிவைக் கண்டால் அவர்களுக்குக் கொஞ்சம் இளக்காரம்.

"உங்க ஆட்டுக்கு ஒரு சீட் பெல்ட் வாங்கிக் குடுங்க மேடம், நாங்களே சுத்தி விடுறோம்" என்பார் டிராகன் ஆபரேட்டர்.

உண்மையில் கூட்டம் அதிகம் நின்றது ஆட்டுப்பட்டியில்தான். தல்லாகுளம் பக்கம் அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்கு ஆட்டின் காதைத் தொட்டுப் பார்ப்பதே பெரிய ரைடு. அந்தப் பட்டியில் கன்னங்கரேல் என்று இரண்டு இளங்கிடாக்கள் இருந்தன. பிறந்ததும் தாய் செத்துவிட்டதால், ஆடுகளைப் பராமரிக்கும் மாயாண்டி பால் புகட்டி வளர்த்தவை. குண்டு பல்பின் சூட்டில் படுக்கவைத்துக் காப்பாற்றிய கிடாவுக்குப் பெயர் பல்பு. சோடா பாட்டிலில் பால் குடித்த கிடாவுக்குப் பெயர் சோடா. பிள்ளைகளிடம் இவை இரண்டுக்கும் இருந்த மரியாதை எனக்குக்கூட இல்லை.

2. வேனில் வந்தது

பங்குனி வெயில். அன்று எங்கள் பகுதிக்கு மாதாந்திர மின்தடை. ஜெனரேட்டரில் தண்ணீர் மோட்டாரும் சின்ன ரைடுகளும் ஓடும். டிராகன் ஓடாது. மாயாண்டியும் கொழுந்தியாள் கல்யாணத்துக்கு விடுப்பில் போயிருந்தார்.

மதியத்துக்கு முன் ஒரு வேன் வந்தது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் செய்யும் பேச்சியம்மாளின் குடும்பம். பேரையூர்ப் பக்கம் இருக்கும் குலசாமி கோயிலுக்குக் கிடா வெட்டப் போகிறார்கள். போன ஆண்டு அவருடைய மகளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நேர்ந்துகொண்டது. வழியில் டிராகனின் தலை தெரிந்ததும் வேனிலிருந்த பிள்ளைகள் கத்தி ஊரைக் கூட்டியிருக்கிறார்கள். விளக்கு வைப்பதற்குள் கோயில் எல்லையில் கிடா நிற்க வேண்டும், அதுவரை நேரம் இருக்கிறது என்று பேச்சியம்மாளும் இறங்கச் சொல்லிவிட்டார்.

எல்லோரும் இறங்கினார்கள், கிடாவைத் தவிர. அது மாலையும் மஞ்சளுமாகப் பின் சீட்டுக்கு அடியில் கட்டிக் கிடந்தது. ஓட்டுநர் சாப்பிடப் போய்விட்டார்.

வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜெயபால் இளகிய மனசுக்காரர். வேன் ஜன்னல் வழியாக நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைக்கும் கிடாவைப் பார்த்திருக்கிறார். கேட்பதற்கு ஆள் இல்லை. அவிழ்த்துக் கூட்டிக்கொண்டு போய் ஆட்டுப்பட்டிக்குள் விட்டார். பட்டிக்குள் கயிறு கூடாது என்பது எங்கள் விதி, எங்காவது சிக்கி ஆடு செத்துப்போகும். அதனால் கயிற்றையும் கழற்றிவிட்டார். வேலையில் துளியும் குறை வைக்கவில்லை.

பிள்ளைகள் விளையாடிக் களைத்த பிறகு குடும்பம் வேனுக்குத் திரும்பியது. சற்று நேரத்தில் என் அறை வரை சத்தம் கேட்டது. நான் போனபோது பேச்சியம்மாளின் தம்பி தவசி ஜெயபாலின் சட்டையைப் பிடித்திருந்தார்.

"எங்கடா கிடா?"

"அண்ணே, சட்டைய விடுங்கண்ணே. பத்திரமா உள்ள நம்ம ஆடுகளோட ராஜா கணக்கா நிக்கிது. தண்ணி காட்டி, தழை போட்டு, குளிக்கக்கூட வச்சாச்சு."

"குளிக்க வச்சீங்களா?" என்று கேட்டார் பேச்சியம்மாள்.

3. மூன்று கருப்பு

பட்டிக்குப் போனோம். வெயில் கடுமையாக இருந்தால் தோட்ட வேலை பார்க்கும் பெண்கள் குழாயால் எல்லா ஆடுகளையும் நனைத்துவிடுவது வழக்கம். அன்றும் நனைத்திருந்தார்கள். மஞ்சள் போன இடம் தெரியவில்லை. பூ மார்க்கெட்டுக்காரர் வீட்டு மாலை, கனமாகக் கட்டியிருந்தார்கள். அதை ஆடுகள் எல்லாம் பங்கிட்டுத் தின்று நாரை மட்டும் மிச்சம் வைத்திருந்தன.

மூன்று கருப்புக் கிடாக்கள் நின்றன. ஒரே உயரம், ஒரே சாண் கொம்பு. மூன்றிலும் வெள்ளை முடி ஒன்றுகூட இல்லை. காதில் அட்டை மாட்டுவது எங்களிடம் இல்லை, பிள்ளைகள் பிடித்து இழுப்பார்கள். பல்புக்கும் சோடாவுக்கும் காயடிக்க டாக்டர் அடுத்த மாதம் வருவதாக இருந்தது. ஆகவே அந்த வழியிலும் அடையாளம் கிடையாது.

"டேய் தவசி, வாங்கினது நீதானடா? எதுன்னு சொல்லு."

"சந்தையில நேத்துத்தான வாங்கினேன் அக்கா? பல்லப் பாத்தேன், இடுப்பத் தடவிப் பாத்தேன். மூஞ்சிய யாரு பாத்தா?"

"அப்பப் பல்லப் பாரு!"

பார்த்தார். மூன்றுக்கும் இரண்டு பல், ஒரே வயது.

மாயாண்டிக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். மேளச் சத்தத்துக்கு நடுவில் பட்டு வேட்டியோடு அவர் முகம் தெரிந்தது. விஷயத்தைச் சொன்னதும் மண்டபத்தை விட்டு வெளியே ஓடி வந்தார்.

"மேடம், நடுவுல நிக்கிறது சோடா. இல்ல, இருங்க, பல்பு. கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க. ஐயோ, ஆட்டத் திருப்பச் சொன்னா போனத் திருப்புறீங்களே!"

திருப்பினோம். "வீடியோவுல எல்லாம் கருப்பாத்தான் மேடம் தெரியுது. பேரச் சொல்லிக் கூப்புடுறேன், வரும் பாருங்க. ஏ பல்பு! சோடா! வாங்கடா!"

மூன்றும் வந்தன. மூன்றும் போனை நக்கின.

"மேடம்," மாயாண்டியின் குரல் இறங்கிவிட்டது. "எதையாவது மாத்தி ஏத்தி விட்றாதீங்க மேடம். நான் இப்பவே கிளம்பி வாரேன்."

கல்யாணம் நடந்தது ராஜபாளையத்தில். அவர் வந்து சேர்வதற்குள் விளக்கு வைத்துவிடுவார்கள்.

நான் பேச்சியம்மாளிடம் பேசிப் பார்த்தேன். இதே போல் இன்னொரு கருப்புக் கிடாவைத் திருமங்கலத்தில் தேடி வாங்கித் தருகிறோம் என்றேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

"தாயி, ஆஸ்பத்திரியில பிள்ள கண்ணு தொறக்காமக் கிடந்தப்ப ஒரு உசுர ஒனக்குத் தாரேன்னு சாமிகிட்டச் சொன்னேன். காலையில மஞ்சத் தண்ணி ஊத்தி இதுதான்னு காட்டியாச்சு. இப்பப் போயி வேற ஒண்ண நிறுத்துனா, சொன்ன சொல்லு என்னாகுறது?"

அவர் பக்கம் இருந்த நியாயம் எனக்குப் புரிந்தது. என் பக்கம் இருந்த பயத்தை அவரிடம் சொல்லவில்லை. மூன்றில் இரண்டு, பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிடும் கிடாக்கள். தவறாக ஒன்றை ஏற்றி அனுப்பினால் மறுநாள் அது பேரையூரில் குழம்பாகிவிடும்.

4. தண்ணீர் தெளித்தார்கள்

யோசனை சொன்னவர் தவசி. "சாமியவே கேட்ருவோம். தண்ணி தெளிப்போம். எது துலுக்குதோ அதுதான் நம்ம கிடா."

வெட்டுவதற்கு முன் கிடாவின் தலையில் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பை உதறிச் சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். திருவிழாச் செய்திக்காகப் போன இடங்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால்தான் எனக்குச் சந்தேகம்.

"நனைஞ்சா எந்த ஆடும் ஒதறத்தானம்மா செய்யும்?" என்றேன்.

"சாமி காரியத்துல குறுக்க கேள்வி கேக்காதீங்க தாயி."

இதற்குள் பட்டியைச் சுற்றி நல்ல கூட்டம். டிராகன் ஓடாத நாளில் அவர்களுக்கும் பார்க்க ஏதாவது வேண்டுமே. கேன்டீனிலிருந்து ஒரு செம்பு வந்தது. முதல் கிடாவின் தலையில் பேச்சியம்மாள் தண்ணீரைத் தெளித்தார். அது காதிலிருந்து வால்வரை ஒரு உதறு உதறியது.

கூட்டத்திலிருந்த பெண்கள் குலவை போட்டார்கள். தவசி கையைத் தட்டி, "துலுக்கிருச்சு! இதுதான்!" என்றார்.

"மத்ததுக்கும் தெளிச்சுப் பாத்துருங்களேன்" என்றேன்.

இரண்டாவதும் உதறியது. மறுபடி குலவை, கொஞ்சம் சுருதி குறைந்து. மூன்றாவது, செம்பு பக்கத்தில் வருவதற்கு முன்பே உதறிவிட்டது. குலவை பாதியில் நின்றது. யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார்.

தவசி மட்டும் அசரவில்லை. "சாமி மூணையும் கேக்குது. மூணையும் ஏத்து!"

ஜெயபால் பட்டியின் கதவை மறித்துக் கையை விரித்து நின்றார். "அண்ணே, ரெண்டு கம்பெனி ஆடுண்ணே!"

"சாமியே கேட்டுருச்சு, கம்பெனி என்னடா கம்பெனி?"

"அப்ப முதலாளியக் கேட்டுட்டு வந்து ஏத்துங்கண்ணே."

"ஒங்க முதலாளி எங்க சாமியவிடப் பெரியாளா?"

"எனக்குச் சம்பளம் குடுக்குறது அவருதானண்ணே!"

பேச்சியம்மாள் தம்பியை ஒரு பார்வை பார்த்தார். "வாய மூடு. நான் நேந்தது ஒண்ணு. கூட ரெண்டக் கொண்டுபோயி நிறுத்துனா, இது யாரு வீட்டுக் கிடான்னு சாமி கேக்கும்ல? களவாண்டதுன்னா சொல்றது?"

மூன்று கிடாக்களும் ஒன்றுமே நடக்காத மாதிரி அகத்திக் கீரையைத் தின்றுகொண்டிருந்தன. வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு மகளைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். ஓட்டுநர் வந்து, இப்போது கிளம்பினால்தான் நேரத்துக்குப் போகலாம் என்று இரண்டாம் முறையாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் முதலாளிக்குப் போன் செய்யப் பட்டிக்கு வெளியே வந்தேன். என்ன சொல்வது என்று வாக்கியத்தை மனதுக்குள் திருத்திக்கொண்டிருந்தேன்.

5. மின்சாரம் வந்தது

அந்த நேரத்தில் மின்சாரம் வந்தது. காலையிலிருந்து டிராகனுக்குக் காத்திருந்த கூட்டம் ஓவென்று கத்தியது. ஆபரேட்டருக்குப் பட்டியில் நடக்கும் வழக்கு எதுவும் தெரியாது. ஆட்களை ஏற்றினார், சைரனை அழுத்தினார்.

டிராகனின் தண்டவாளம் ஆட்டுப்பட்டிக்கு நேர் மேலே வளைந்து போகும். ரயில் கடகடவென்று ஏறி, உச்சியில் ஒரு நொடி நின்று, எங்கள் தலைக்கு மேல் பாய்ந்தது. அதில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் அலறினார்கள். பேச்சியம்மாள் காதைப் பொத்திக்கொண்டார்.

பல்பும் சோடாவும் தலையைக்கூடத் தூக்கவில்லை. குட்டியிலிருந்து தினமும் கேட்கும் சத்தம் அது. அவற்றுக்கு அது காக்கை கத்துவதைப் போல.

மூன்றாவது கிடா நின்ற இடத்திலிருந்து அப்படியே மேலே எழும்பியது. தொட்டியில் ஒரு கால், தவசியின் தோளில் ஒரு கால், அடுத்து சுவருக்கு அந்தப் பக்கம். தவசி மல்லாந்து விழுந்தார்.

"அதுதான்! அதுதான்டா நம்ம கிடா! பிடிங்க!" என்று பேச்சியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினார். குடும்பம் மொத்தமும் பின்னால் ஓடியது. ஜெயபால் ஓடினார். நானும் ஓடினேன்.

ஐஸ்கிரீம் கடையைச் சுற்றி, டாய் டிரெயின் தண்டவாளத்தைத் தாண்டி, கிடா நேராக டேஷிங் கார் களத்துக்குள் புகுந்தது. ஆபரேட்டர் சட்டென்று மின்சாரத்தை நிறுத்தினார். கார்கள் அங்கங்கே நின்றன. காலியாக நின்ற ஒரு சிவப்புக் காரில் ஏறி, கிடா சீட்டில் முன்னங்கால்களை ஊன்றி நடுங்கிக்கொண்டு நின்றது.

பக்கத்துக் காரில் இருந்த சிறுமி கேட்டாள்: "அப்பா, ஆடு மட்டும் டிக்கெட் இல்லாம ஏறியிருக்கு?"

தவசி நொண்டிக்கொண்டே வந்து அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "இனிமே சந்தையில மூஞ்சியத்தாம்பா மொதல்ல பாக்கணும்" என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

கேன்டீனிலிருந்து மஞ்சள் தூள் வந்தது. ஜெயபால் வேப்பங்குழை ஒடித்துக்கொண்டு வந்தார். பேச்சியம்மாள் கிடாவின் நெற்றியில் மஞ்சளை அப்பி, குழையைக் கழுத்தில் கட்டி, காதில் ஏதோ சொன்னார். பிறகு ஜெயபாலைக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று அவர் தலையைக் குனிந்து நின்றார்.

"வேனுக்குள்ளயே கெடந்திருந்தா வெந்து செத்திருக்கும்யா. நல்ல காரியந்தான் பண்ணின. சொல்லிட்டுப் பண்ணியிருக்கலாம்." என் பக்கம் திரும்பி, "நாளைக்குக் கறிச்சோத்துக்கு ரெண்டு பேரும் வந்துருங்க தாயி" என்றார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சற்று முன் பேச்சியம்மாள் போன் செய்தார். கோயிலுக்கு வந்து சேர்ந்துவிட்டார்களாம். அதற்கு அடுத்த அழைப்பு மாயாண்டியுடையது. பாதி வழியில் இருந்தார். பல்பு, சோடா இரண்டு பேரும் பட்டியில்தான் இருக்கிறார்கள், நீங்கள் திரும்பிப் போய்க் கல்யாணச் சாப்பாடு சாப்பிடுங்கள் என்றேன். "படம் எடுத்து அனுப்புங்க மேடம்" என்றார். அனுப்பினேன். அதிலும் எது பல்பு, எது சோடா என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

6. வாசலில் கேட்பது

மறுநாள் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, "இந்த மாதிரி கிடாவோட எத்தன வண்டி வருது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஜெயபாலைக் கூப்பிட்டுக் கேட்டோம். "பங்குனி, ஆடி, மாசியில வராத நாளே இல்ல சார். யாரும் கேக்கல, நானும் சொல்லல" என்றார்.

வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில் வேப்பமர நிழலில் ஒரு கொட்டகை போட்டோம். தனித்தனித் தடுப்பு, தண்ணீர்த் தொட்டி, தழை. கிடாவின் கொம்பில் ஒரு தகர வில்லை, அதே எண்ணில் இன்னொரு வில்லை குடும்பத்தார் கையில். முதலில் அட்டையில்தான் செய்தோம். ஆடுகள் தின்றுவிட்டன. ரைடு பிரிவினர் அதற்கு 'கிடா பார்க்கிங்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். அந்தப் பெயரையே பலகையில் எழுதிவிட்டோம். ஆடி வெள்ளியில் வந்து பார்த்தால் மிருகப் பிரிவில் நிற்பதைவிட அந்தக் கொட்டகையில் அதிக ஆடுகள் நிற்கும்.

பூங்கா நடத்த வரும் இளையவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஜனங்கள் நம்மைப் பார்க்கவே வீட்டிலிருந்து புறப்பட்டு வருகிறார்கள் என்று நினைத்துத்தான் நாம் எல்லாவற்றையும் கட்டுகிறோம். இந்தப் பகுதியில் பாதிப் பேர் வேறு எங்கோ போகிற வழியில் நம்மிடம் இறங்குகிறார்கள். அவர்களுடைய முக்கியமான காரியம் வண்டிக்குள் காத்துக்கொண்டிருக்கும். டிக்கெட் கொடுப்பவர் முன்பு "எத்தன பேரு?" என்று மட்டும் கேட்பார். இப்போது "எங்க போயிட்டிருக்கீங்க?" என்பதையும் கேட்கிறோம். அப்படிக் கேட்டதில்தான், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளைகள் தண்ணீர்ச் சறுக்கில் இறங்கியதும் ஏன் அழுகிறார்கள் என்று கண்டுபிடித்தோம். குளோரின் தண்ணீர் புது மொட்டையில் எரிகிறது. இன்று அவர்களுக்குத் தனியாக நல்ல தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. பொங்கல் பானைகளை வைக்க ஒரு அலமாரி இருக்கிறது.

ஜெயபால்தான் இப்போது நுழைவாயில் மேற்பார்வையாளர். போன வாரம் ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். எங்கே போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று வழக்கம்போல் கேட்டார்.

"எங்கயும் போகலண்ணே. இங்கதான் வந்தோம்."

ஜெயபால் காருக்குள் எட்டிப் பார்த்தார். பின் சீட்டுக்கு அடியிலும் பார்த்தார்.

"சும்மாவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"